லிஃப்டக்கா வைத்த பெயர்

லிஃப்ட் கதவை இழுத்து மூடுவதற்கு முன்னால் இடது உள்ளங்கையைப் பெட்டியின் தகரச் சுவரில் வைத்து ஒரு கணம் நிற்பார், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. உள்ளே நிற்பவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். மேலே எங்கோ மோட்டார் முனகும். அந்த முனகல் சுவர் வழியாக இறங்கி அவர் கைக்கு வந்து சேரும். "ம், போலாம்" என்றால் போகலாம். "இருங்க, மூச்சு வாங்குது" என்றால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். அவசரம் என்று யாராவது முணுமுணுத்தால், "உங்க அவசரம் எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியணுமே" என்பார்.

ஆறு மாடி அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் லிஃப்ட் இயக்குபவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு, வெளுத்த நீலச் சீருடை, ஒரு பக்கம் தேய்ந்த ரப்பர் செருப்பு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எப்போதும் பின்பக்கம் திரும்பியே இருக்கும். அதில் இருக்கும் பெயரை யாரும் படித்ததில்லை. துப்புரவு செய்பவர் முதல் தலைமை அறுவை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் லிஃப்டக்கா. தலைமை மருத்துவர் அவரைவிட எட்டு வயது பெரியவர். அவருக்கும் அக்காதான்.

என் அண்ணன் கால் எலும்பு முறிந்து ஐந்தாம் மாடியில் நாற்பத்து மூன்று நாள் படுத்திருந்தார். ஃபிளாஸ்க்கும் மாற்று உடையுமாக நான் தினமும் இரண்டு வேளை போய்வந்தேன். வீடு திரும்பிய பிறகும் கால் பயிற்சிக்காக மாதக்கணக்கில் அவரைக் கூட்டிவந்தேன். அப்படித்தான் பழக்கம். முதல் நாளே என்னிடம் அக்கா சொன்னது: "கால் உடைஞ்சவங்கள அஞ்சாம் மாடியிலயும், காது வலிக்காரங்கள கீழ்த்தளத்துலயும் வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியல தம்பி. ஒரே ஒரு தடவ அந்த ஆளப் பாக்கணும்."

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. முதலில் ஸ்ட்ரெச்சர். அடுத்து சக்கர நாற்காலி, கர்ப்பிணிகள், ஆக்சிஜன் சிலிண்டர். பிறகு தையல் பிரிக்காதவர்கள், முட்டி வலிக்காரர்கள். மற்றவர்கள் நடக்க வேண்டும். மருந்துக் கம்பெனி விற்பனையாளர்கள் பெட்டியோடு வந்தால், "பை கனமா இருந்தா இங்க வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று படிக்கட்டைக் காட்டுவார். பயிற்சி மருத்துவர்கள் ஓடிவந்து நுழையப் பார்த்தால், "நீங்கள்லாம் படிச்சவங்க. படியில ஏறுங்க டாக்டர்" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள். அவரைக் கண்டதும் நொண்ட ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. ஒருவரிடம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நானே கேட்டேன்: "அண்ணே, காலையில வலது கால். இப்ப இடது கால். ஏதாவது ஒண்ண முடிவு பண்ணிட்டு வாங்க."

இதற்கு முன் பதினாறு வருடம் ஒரு திரையரங்கில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அது கிடங்காக மாறியபோது இந்த வேலைக்கு வந்தார். ஒப்பந்தப் பணி. ஒவ்வொரு வருடமும் நீட்டிப்புத் தாள் வரும், அல்லது வராது. "அங்க டிக்கெட்ட கிழிச்சேன். இங்க தொண்டையக் கிழிச்சுக்கறேன். வித்தியாசம் என்னன்னா, அங்க உள்ள வர்றவங்க சிரிச்சுக்கிட்டு வருவாங்க."

வீடு மூன்றாம் மாடியில். அங்கே லிஃப்ட் கிடையாது. பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் அவர் கணவருக்கு இது தீராத வேடிக்கை. "ஊரையே ஏத்தி இறக்கற மகராசி, வீட்டுக்கு வந்தா முட்டியப் பிடிச்சுக்கிட்டு ஏறுறா பாருங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பாராம். மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அங்கே நான்கு லிஃப்ட். உள்ளே பாட்டு வேறு ஒலிக்குமாம். "'யாரு வேணா ஏறலாமாடி?'ன்னு கேட்டேன். 'ரசீது இருந்தா ஏறலாம்மா'ன்னா. அதச் சொல்லும்போது அவ முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா தம்பி" என்று அக்கா ஒருநாள் சொன்னார்.

இந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இரண்டு. இடப்பக்கம் இருப்பது அகலமானது. ஸ்ட்ரெச்சர், கூடவே நான்கு ஆள், ஒரு சிலிண்டர் என்று எல்லாம் கொள்ளும். அக்கா அதைப் பெரியவன் என்பார். வலப்பக்கம் இருப்பது சின்னவன். அதில் ஸ்ட்ரெச்சரைக் குறுக்காக நுழைத்தால் கதவுக்கும் நோயாளியின் பாதத்துக்கும் நடுவில் ஒரு விரல்தான் இடைவெளி. பெரியவன் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அதன் மூடிய கதவில் கை கழுவும் முறை பற்றிய சுவரொட்டி, அதன் மேல் கொசு ஒழிப்புச் சுவரொட்டி, அதன் மேல் ரத்த தானச் சுவரொட்டி. முன்னால் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு லிஃப்ட் இருப்பதே தெரியாது.

ஆனால் ஆஸ்பத்திரியின் முகப்பைத் தெரியாதவர் இல்லை. அந்த வருடம்தான் அது எழும்பியது. மூன்று ஆள் உயரத்துக்குக் கண்ணாடி, அதன் உச்சியில் இரண்டு தெரு தள்ளியும் படிக்கக்கூடிய ஒளியெழுத்துகள், நடுவில் ஒரு நீரூற்று. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். மாலைப் பத்திரிகைகளில் வண்ணப்படம் வந்தது. வார்டுகளில் குழாய்த் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான். ஆகவே நோயாளிகளின் உறவினர்கள் நீரூற்றில் போய்ச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்கள். ஒரு பெண் குழந்தையின் துணிகளையும் அலசினாள். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவருவார். பிறகு பெரிய மனிதர்கள் வரும் நாளில் மட்டும் ஊற்றைத் திறப்பது என்று ஆயிற்று. "தண்ணி மேல போய் கீழ விழுறதுக்குக் கரண்ட் இருக்கு. மனுஷன் மேல போறதுக்கு இல்ல" என்று அக்கா அதைப் பார்த்துச் சொல்வார். கோபமாக இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்கிற குரலில்தான்.

அவர் கோபத்தை நான் ஒரே ஒரு நாள் பார்த்தேன்.

காலை பத்து மணி இருக்கும். பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவரை நெஞ்சு வலி என்று கூட்டி வந்தார்கள். கூட மனைவியும் மகனும் மருமகனும். இதய வார்டு நாலாம் மாடியில். அந்த நேரம் பார்த்துச் சின்னவன் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே, தனியாக மேலே அனுப்பிய சாப்பாட்டு வண்டி மட்டும்தான், ஆள் இல்லை. ஆனாலும் லிஃப்ட் இறங்கவில்லை. அக்கா ஒரு நிமிடம் பொத்தானை அழுத்தினார், ஒரு நிமிடம் கதவைத் தட்டினார். பிறகு "தூக்குங்க" என்றார். மகனும் மருமகனும் இரண்டு பணியாளர்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அக்கா சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறினார். நான் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தேன்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாய்த்தால் விழுந்துவிடுவார். நிமிர்த்தினால் சுவர் இடிக்கிறது. அந்த மனிதர் கண்ணைத் திறந்து, மூச்சுக்கு நடுவில், "என்னால உங்களுக்கெல்லாம் சிரமம்" என்றார். ஒருவழியாகத் திருப்பி மேலே கொண்டு சேர்த்தோம். உள்ளே எடுத்துப் போன மருத்துவர் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி..." என்று தொடங்கியவர், அக்காவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அந்த மனைவி படியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ரொம்ப நேரம் கழித்து, வழி கேட்கிற மாதிரி சாதாரணமாக, "லிஃப்ட் எப்பம்மா சரியாகும்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பாத்துக்கிட்டிருக்காங்கம்மா" என்றார் அக்கா.

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அது. குழாய், மின்விசிறி, எக்ஸ்ரே இயந்திரம் எதைக் கேட்டாலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று மாலை அண்ணனைப் பார்த்துவிட்டு இறங்கும்போது அக்கா லிஃப்டுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "யாரு தம்பி பாத்துக்கிட்டிருக்கா? சொல்லுங்க. யாரு?" என்றார். குரல் உயர்ந்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் பொம்பள புருஷனப் பறிகொடுத்துட்டு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டுச்சு. நான் பொய் சொல்லிட்டேன். யாருமே பாக்கல. எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னேன்."

கட்டட எஞ்சினியர் ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் எப்போதும் ஒரு கோப்பு. சுறுசுறுப்பான மனிதர் என்று முதலில் நினைத்தேன், ஏனென்றால் எந்த மாடிக்கும் படியில்தான் போவார். அது உடற்பயிற்சிக்காக இல்லை, அக்காவின் முகத்தில் விழிக்காமலிருக்க என்பது பிறகுதான் புரிந்தது. பெரியவனைச் சரிசெய்யக் கேட்டு மூன்று வருடத்தில் பதினோரு கடிதம் எழுதியிருந்தார். கேட்டதில் எதுவும் வரவில்லை. அதை அவரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

பூட்டுக்காரர் போன மறுவாரம் முகப்பின் ஒளியெழுத்துகளில் ஒன்று அணைந்துபோனது. மதியத்துக்குள் ஏணி வைத்த லாரி வந்தது, நான்கு பேர் இறங்கினார்கள், சாயங்காலம் எழுத்து எரிந்தது. மேற்பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிய எஞ்சினியர் படிக்கட்டை நோக்கி நழுவும்போது அக்கா கூப்பிட்டார்.

"சார், நில்லுங்க. திட்ட மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. எழுத்து அணைஞ்சா அரை நாளு. லிஃப்ட் நின்னா மூணு வருஷம். இது என்ன கணக்கு?"

எஞ்சினியர் சுற்றும் முற்றும் பார்த்தார். நான் நிற்பதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"முகப்பு புதுத் திட்டம்கா. அதுக்குத் தனிப் பணம், அதப் பாத்துக்கத் தனி ஆளு. லிஃப்ட் பழசு. அது பராமரிப்புல வரும். பராமரிப்புக்குன்னு வர்றத வருஷா வருஷம் குறைச்சுக்கிட்டே வர்றாங்க. இப்ப வர்றது பல்பு மாத்தத்தான் காணும். புதுசா ஒண்ணு கட்டறேன்னு கேளுங்க, குடுப்பாங்க. இருக்கறதச் சரி பண்ணணும்னு கேளுங்க, 'எந்தக் கணக்குத் தலைப்புல?'ன்னு திருப்பி அனுப்புவாங்க."

"ஏன்?"

"புதுசுன்னா ஒரு பேரு வைக்கலாம். நாடா வெட்டலாம். படம் எடுக்கலாம். ரிப்பேர் பண்ணினதுக்கு யாருங்கக்கா நாடா வெட்டுவா?"

அதற்குள் ஆறாம் மாடியிலிருந்து மணி அடித்தது. அக்கா மேலே போனார், ஒருவரை இறக்கினார், திரும்ப நாலுக்குப் போனார், கீழே வந்தார். எஞ்சினியர் அங்கேயேதான் நின்றிருந்தார். பதினோரு கடிதம் எழுதியவரை அன்றுதான் ஒருவர் கேள்வி கேட்டு நிறுத்தியிருக்கிறார். அவரால் நகர முடியவில்லை போலிருக்கிறது.

"அப்ப புதுசுன்னே எழுதுங்க" என்றார் அக்கா, கதவைத் திறந்துகொண்டே.

"எதை?"

"பெரியவனை. கதவு மாத்தணும்னீங்க, கயிறு மாத்தணும், மோட்டாரு மாத்தணும். அப்புறம் பழசு என்ன மிச்சம்? வெறும் பெட்டி. அதுலயும் உள்ள தகடு அடிச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"அது பொய்யாயிடும்கா."

"ஏன் சார் பொய்யாகும்? ஆளு மாறி உக்காந்தா 'புதிய அரசு'ங்கறோம். நாற்காலி அதேதானே?"

எஞ்சினியர் சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்த முகத்தோடே, "பேரு என்ன வைக்கிறது?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அக்கா விளையாடவில்லை.

"உயிருன்னு ஒரு வார்த்தை வரணும். வேகம்னு ஒண்ணு வரணும். உங்க ஆளுங்களுக்குப் புடிச்ச மாதிரி மீதிய நீங்க போட்டுக்குங்க."

இப்படித்தான் 'உயிர்காக்கும் அதிவேக மின்தூக்கித் திட்டம்' பிறந்தது. எஞ்சினியர் இரண்டு நாள் தூங்காமல் எழுதினாராம். பெட்டியில் அடிக்கும் தகட்டின் பளபளப்பைப் பற்றி ஒரு பத்தி, கதவு திறக்கும்போது ஒலிக்கப்போகும் இனிய குரலைப் பற்றி ஒரு பத்தி. மூன்று வருடம் அசையாத விஷயம் ஏழு வாரத்தில் கையெழுத்தாகி வந்தது. கூடவே ஒரு குறிப்பும் வந்தது: திறப்பு விழாவுக்கு ஏற்ற தேதியைத் தெரிவிக்கவும்.

இதற்கு நடுவில் நான் செய்ய நினைத்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பூட்டுக்காரர் இறந்த அன்றே நான் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கியிருந்தேன். நீரூற்றும் நின்றுபோன லிஃப்டும் என்று தலைப்புகூட ஓடியது. அக்காவிடம் விவரம் கேட்கப் போனபோது அவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"எழுதுங்க. கண்டிப்பா எழுதணும். ஆனா இப்ப வேண்டாம் தம்பி. இப்ப எழுதினா என்ன நடக்கும் தெரியுமா? ஒரு குழு போடுவாங்க. குழு வந்து சின்னவனையும் நிறுத்திட்டுப் பரிசோதிக்கும். அந்த எஞ்சினியரத் தூக்கிக் கண்காணாத இடத்துக்கு மாத்துவாங்க. எனக்கு நீட்டிப்புத் தாள் வராது. அது போகட்டும். பெரியவன் அங்கேயே நிப்பான்."

"உண்மைய மறைக்கச் சொல்றீங்களேக்கா."

"மறைக்கச் சொல்லல. வரிசையில நிக்கச் சொல்றேன். முதல்ல ஸ்ட்ரெச்சர். அப்புறம் உண்மை."

நான் எழுதியதை மடித்து வைத்துவிட்டேன். அது சரியா என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியவில்லை. அந்த மனைவியின் கேள்வி நினைவுக்கு வரும்போதெல்லாம் என் மௌனத்துக்கும் அக்கா சொன்ன பொய்க்கும் அதிக தூரமில்லை என்றுதான் படுகிறது.

பெரியவனின் முன்னாலிருந்த நாற்காலிகள் அகன்றன. சுவரொட்டிகளைச் சுரண்டி எடுத்தார்கள். வேலை நடந்த அந்த ஐந்து வாரமும் அக்கா தன் சாப்பாட்டு நேரத்தை அதன் முன்னால்தான் கழித்தார். மெக்கானிக்குகளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். "பிரேக்கு எத்தன கிலோ தாங்கும்? கரண்டு போனா கதவு தானா திறக்குமா, ஆள் திறக்கணுமா?" தலைமை மெக்கானிக், "அக்கா, உங்களுக்குச் சம்பளம் நாங்க குடுக்கணும்போல" என்றார்.

விஷயம் மெல்ல மற்ற பிரிவுகளுக்கும் கசிந்தது. எக்ஸ்ரே அறைப் பொறுப்பாளர் ஒரு மதியம் வந்து, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க மெஷின் எட்டு மாசமாப் படுத்துக்கெடக்கு. அதுக்கும் ஒரு நல்ல பேரா யோசிச்சுக் குடுங்களேன்" என்றார். சலவை அறையிலிருந்து ஒருவர் வந்தார். ரத்த வங்கியின் குளிர்பெட்டிக்காக ஒரு செவிலியர் வந்தார். அக்கா எல்லோருக்கும் யோசித்துக் கொடுத்தார். சலவை இயந்திரத்துக்கு 'தூய்மைப் புரட்சி' என்று அவர் வைத்த பெயரைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க தம்பி. நல்லாவா இருக்கு இது? துணி துவைக்கிற மெஷினு ஓடணும்னா அதுக்குக் கூடப் பொய்ச் சட்டை மாட்டி விட வேண்டியிருக்கு."

விழாவுக்கு முதல் நாள் மாலை பெரியவனை ஓட்டிப் பார்த்தார்கள். அக்காதான் இயக்கினார். கீழிருந்து ஆறாம் மாடி வரை சத்தமே இல்லை. மெக்கானிக்குகள் கைதட்டினார்கள். எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகு, "ஜெயிச்சிட்டீங்கக்கா" என்றேன்.

"எங்க ஜெயிச்சேன்? அவங்க பாஷைய நானும் பேசக் கத்துக்கிட்டேன். அவ்வளவுதான். இதுவும் ஒருநாள் நிக்கும் தம்பி. கயிறு தேயும். அன்னைக்கு இன்னொரு புதுப் பேரு வேணும், இன்னொரு விழா வேணும். பேரு தீந்துபோச்சுன்னா என்ன பண்றது?" புதுக் கதவைத் தொட்டுப் பார்த்தார். "அந்தப் பொம்பள வீடு எங்கன்னு கேட்டு வச்சிருக்கேன். லிஃப்ட் ஓடுதுன்னு சொல்லணும்னு இருந்துச்சு. அப்புறம், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு விட்டுட்டேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு அமைச்சர் வந்தார். நீரூற்று காலையிலிருந்தே பொங்கிக்கொண்டிருந்தது. பெரியவனின் கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா. பக்கத்துச் சுவரில் சலவைக்கல், அதில் திட்டத்தின் முழுப்பெயர். உள்ளே அழகுக்காக இரண்டு பெரிய பூந்தொட்டிகள். அக்காவுக்கு மடிப்புக் கலையாத புதுச் சீருடை கொடுத்திருந்தார்கள். அது தோளில் தொளதொளவென்று நின்றது. சின்னவனையும் பாதுகாப்பு என்று நிறுத்திவைத்திருந்ததால் படிக்கட்டுப் பக்கம் நோயாளிகளும் உறவினர்களும் காத்திருந்தார்கள்.

அமைச்சர் நல்ல சுபாவக்காரர் மாதிரிதான் தெரிந்தார். கத்தரிக்கோலைக் கையில் வாங்கியவர், வெட்டாமல் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார்.

"நான் எம் மாமனார இங்கதான் சேர்த்திருந்தேன், பத்து வருஷம் இருக்கும். அப்ப இந்த இடத்துல ஒரு பழைய லிஃப்ட் இருந்துச்சே. அது என்னாச்சு?"

எஞ்சினியரின் முகம் வெளுத்துப்போனதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. புகைப்படக்காரர்கள்கூடக் கருவியைத் தாழ்த்தினார்கள்.

"அது மேல போயிடுச்சுங்கய்யா" என்றார் அக்கா.

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் கூட வந்தவர்கள் சிரித்தார்கள், அவர்கள் சிரித்ததால் எல்லோரும். "லிஃப்ட்டுன்னா மேல போகத்தானே வேணும்!" என்று சொல்லிக்கொண்டே நாடாவை வெட்டினார். கைதட்டல், மின்னல் வெளிச்சங்கள். எட்டுப் பேர் ஏற வேண்டியதில் பன்னிரண்டு பேர் ஏறப் பார்த்தார்கள். அக்கா கையைக் குறுக்கே நீட்டி நான்கு பேரை நிறுத்தினார். பெட்டி முதல் மாடிக்குப் போய், நின்று, இறங்கியது. "அருமை, அருமை" என்றார் அமைச்சர். இருபது நிமிடத்தில் கார்கள் கிளம்பிவிட்டன. வாசலில் நீரூற்று தணிந்து அடங்கியது.

அக்கா மட்டும் சிரிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அந்தப் பதிலை வேடிக்கையாகச் சொல்லவில்லையோ என்னவோ. சொல்லும்போது அவர் பார்வை அமைச்சர்மேல் இல்லை, படிக்கட்டின் மேல் இருந்தது.

கூட்டம் கலைந்த இடத்தில், நாலாம் மாடிக்குப் போக வேண்டிய ஒரு ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. அதில் ஒரு அம்மா, வாயில் ஆக்சிஜன் குழாய். தள்ளிவந்த மகன் பளபளக்கிற கதவையும் சலவைக்கல்லையும் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"இதுல நாங்க ஏறலாமா?"

அக்கா உள்ளே போய் முதல் பூந்தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வெளியே, சலவைக்கல்லுக்குக் கீழே வைத்தார். திரும்பப் போய் இரண்டாவதையும் தூக்கிவந்து அதன் பக்கத்தில் வைத்தார். தரையில் சிந்தியிருந்த மண்ணைக் குனிந்து கையாலேயே வழித்து எடுத்தார். புதுச் சீருடையின் முன்பக்கத்தில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்து உள்ளே இழுத்தார்.